புனர்பூசத்தில் பிறந்த மானிட்டர்

நான் வேலை பார்த்த கம்பெனியின் பிள்ளைகள் ஆண்டு விருந்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும். "அங்கிள், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எதுவோ அத எழுதுங்க லா" என்று போனில் கேட்டான் ஒருவன். ஏதோ பேங்கில் கம்ப்யூட்டர் நின்று ஊரே ஸ்தம்பித்துப்போன கதையை எதிர்பார்க்கிறான் போலிருக்கிறது. அதெல்லாம் கஷ்டமே இல்லை. எரிந்துபோன சாமான் எரிந்துபோனதாகவே இருக்கும். கழற்றி மாற்றிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடலாம். என்னைக் கலங்கடித்தது பினாங்கு சூலியா தெருவில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கடையில் இருந்த பச்சை எழுத்து மானிட்டர்தான். அதற்கு ஜாதகம் இருந்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு டிவி பழுதுக் கடையில் சேர்ந்து, ஷாக் அடிக்க அடிக்கத் தொழில் கற்றேன். கம்ப்யூட்டர் வந்தபோது, டிவி திறக்கத் தெரிந்தவன் இதையும் திறப்பான் என்று நம்பி ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. மிச்சமெல்லாம் குலசிங்கம் ஐயா சொல்லிக் கொடுத்தது.

குலசிங்கம் ஐயா எங்கள் சர்வீஸ் மேனேஜர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது பினாங்கில். வெள்ளைச் சட்டையை முழங்கைக்குக் கீழே ஒரே அகலத்தில் மடித்து விட்டிருப்பார். அதில் மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. இளவயதில் கப்பல்களில் ரேடியோ பார்த்தவர். அதனால் கண்ணைவிடக் காதை நம்புவார். வாடிக்கையாளர் இடத்துக்குப் போனால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. உள்ளே நுழைந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். எதையும் தொடக்கூடாது. கொடுக்கிற கோப்பியை வேலை முடியும்வரை வாயில் வைக்கக்கூடாது. "பழுது எப்ப வருது எண்டு எல்லாரும் கேப்பினம். நீர் எப்ப வரேல்ல எண்டு கேளும்" என்பார். அதன் பிறகு, சுற்றியிருக்கிற சத்தத்தையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, மானிட்டரின் முதுகில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே ஒரு மெல்லிய விசில் ஓடுமாம், அது சுத்தமாக ஓடுகிறதா பிசிறடிக்கிறதா என்பதை வைத்துப் பாதி வியாதியைச் சொல்லிவிடலாமாம். ஐயாவுக்கு அப்போதே ஐம்பதுக்கு மேல். நாங்களும் பயபக்தியோடு பக்கத்தில் நிற்போம். ஐம்பது வயதுக்கு மேல் அந்த விசில் எந்த மனிதக் காதிலும் விழாது என்பது என் காதுக்கு ஐம்பது ஆனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சூலியா தெருக் கடை ரெங்கசாமி முதலாளியுடையது. மிளகு, மஞ்சள், பருப்பு என்று மூட்டை மூட்டையாக இறக்கி ஊர் முழுக்கக் கொடுப்பவர். எண்பதுகளின் கடைசியில், பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக அவரும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். நல்ல நேரம் பார்த்து, குருக்களை வரவழைத்து, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். புது லாரி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். இதற்குச் சக்கரம் இல்லாததால் கொஞ்ச நேரம் குழம்பினார்கள். கடைசியில் கீபோர்டுக்கு அடியில் வைத்து ஒரு அழுத்து அழுத்தலாம் என்றார் முதலாளி. நான் கீபோர்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குத் தீபாராதனை முடிந்து சுவிட்சைப் போட்டபோது பச்சை எழுத்துகள் கல்லில் செதுக்கியது போல நின்றன.

கடையின் பின்பக்கம் ஆபீஸ். நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் மேசை, அதில் கணக்குத் தட்டும் பரமேஸ்வரி. அந்தப் பக்கம் முதலாளியின் அறை. முதலாளிக்கு உடம்பு கனம், வேர்வை அதைவிடக் கனம். அதனால் மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து ஏலத்தில் எடுத்த ஆளுயர ஃபேன் ஒன்றைத் தடுப்பை ஒட்டி நிறுத்தி வைத்திருந்தார். இரும்புக் கால், பின்னால் பூசணிக்காய் அளவுக்கு மோட்டார். ஓடினால் மிளகு அரைக்கிற மில் மாதிரி சத்தம் வரும். அதன் சுவிட்ச் தடுப்பின் வாசலில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை எட்டுகிற இடத்தில் இருந்தது. ஆனால் முதலாளியைத் தவிர வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். கடையைவிட்டு வெளியே போனால் கரண்டு வீணாகிறதென்று அவரே நிறுத்திவிட்டுத்தான் போவார்.

மாட்டிய மூன்றாம் நாள் போன் வந்தது. திரை ஆடுகிறதாம். போய்ப் பார்த்தேன். எழுத்துகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போல நெளிந்தன. திரை முழுக்க நடுங்கிக்கொண்டே சிமிட்டியது. பத்து நிமிடம் பார்த்தால் பார்க்கிறவனுக்கே ஃபெரியில் ஏறிய மாதிரி தலை சுற்றும். வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், கரண்டைச் சீராக்கும் பெட்டி ஒன்று வைத்தேன். அசையவில்லை, அதாவது, ஆட்டம் நிற்கவில்லை. மானிட்டரைக் கழற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே பச்சைக் குழந்தை மாதிரி அமைதியாக இருந்தது. இங்கே வைத்துவிட்டு வந்த மாற்று மானிட்டரோ மறுநாளே ஆடத் தொடங்கியது.

முதலாளியிடம் போய், தொழில் சுத்தமாக, எல்லாவற்றையும் சொன்னேன். மானிட்டரில் குற்றம் இல்லை, வயரில் இல்லை, கரண்டில் இல்லை என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப மிச்சம் இருக்கறது யாரு தம்பி?" என்றார்.

மிச்சம் இருந்தது பரமேஸ்வரி.

பரமேஸ்வரி தினமும் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருகிறவள். முப்பதைத் தாண்டியிருந்தாள். இந்த வேலைக்காகவே மாலை வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்திருந்தாள். கல்யாணத்துக்கு நாலு இடத்தில் பேசி, நாலும் ஜாதகம் பொருந்தவில்லை என்று தட்டிப்போனது கடையில் மூட்டை தூக்குகிறவர் வரைக்கும் தெரியும். வீட்டில் அவளைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிட்டதாம். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்ற பெயர் ஒன்றுதான் அவள் தலை நிமிர்ந்து நடக்க மிச்சம் இருந்தது. முதலாளி அதையும் விடவில்லை. இது கைராசி இல்லாத கை என்று ஆரம்பித்தார். திரை ஆடுகிறது என்று அவள் சொன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்வார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருப்பாள்.

குலசிங்கம் ஐயாவின் கேள்வியை நான் அவளிடம் கேட்டேன். எப்போது ஆடுவதில்லை? வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. முதலாளி பட்டர்வொர்த் கிடங்குக்குப் போனா நின்னுடுது. வந்துட்டா ஆடுது."

நான் சிரித்தேன். அன்று முதலாளி கிளம்பும்வரை காத்திருந்தேன். அவர் காரில் ஏறினார், திரை நின்றது. அவர் ஃபெரியில் கடலைக் கடந்துபோய் மூட்டைகளை எண்ணித் திரும்பும்வரை ஒரு எழுத்துகூட அசையவில்லை. சாயங்காலம் வாசலில் இருமல் கேட்டது. அவர் அறைக்குள் போய் உட்கார்ந்த மறுகணம் எழுத்துகள் நெளிந்தன. மனிதனுக்குப் பயந்து நடுங்குகிற மானிட்டரை என் தொழிலில் நான் கண்டதில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் என் நிலைமை தெரியும். முன்னால் ரேடியோ, தெருவில் லாரி, உள்ளே மூட்டை விழுகிற சத்தம். இதற்கு நடுவே அந்த ஃபேன் ஓடுவதும் நிற்பதும் சுவாசம் மாதிரி, யார் காதிலும் ஏறாது.

முதலாளியிடம் பக்குவமாகச் சொன்னேன், நீங்கள் இல்லாதபோது நன்றாக நிற்கிறது என்று. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. "நான் இல்லாட்டி அவ வேலை செய்ய மாட்டா. அவ கை படலன்னா மெஷின் நல்லாத்தானே இருக்கும்" என்றார். நல்லது செய்யப் போய் அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அன்று எனக்கு என் மேலேயே வந்த கோபத்தில் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது காலில் அடிபட்டதுதான் மிச்சம்.

பட்டறைக்குப் போய் ரிப்போர்ட் எழுதினேன். 'காரணம்' என்ற இடத்தைக் குலசிங்கம் ஐயா காலியாக விடமாட்டார். தெரியாது என்று எழுதினால் கிழித்துப் போடுவார். எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: 'முதலாளி'. ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"இதில அவரிட்டயே கையெழுத்தும் வாங்கப் போறீரோ?"

மறுநாள் அவரே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆபீஸ் முழுவதையும் பார்த்தார். முதலாளி தன் அறையிலிருந்து எழுந்து வந்து கோப்பி, பலகாரம், நாற்காலி எல்லாம் கொடுத்தார். ஐயா எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, கேட்பதற்கு அமைதி வேண்டும் என்றார். முதலாளிக்குப் பெரிய மனிதர் என்றால் மரியாதை அதிகம். ரேடியோவை நிறுத்தச் சொன்னார், மூட்டை தூக்குவதை நிறுத்தச் சொன்னார், தன் ஃபேனையும் தானே நிறுத்தினார். ஐயா மானிட்டரின் முதுகில் காதை வைத்துக் கண்ணை மூடினார். கோயிலில் மாதிரி அமைதி. திரை கல்லாக நின்றது.

"எங்கே ஆட்டம்?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். நான் திரையைக் கெஞ்சாத குறை. அது ஆடவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டியதும் உள்ளே ரேடியோ பாடியது. பரமேஸ்வரி ஓடிவந்து, அண்ணே ஆடுது என்றாள். குலசிங்கம் ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டாயிற்று, விசில் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து முதலாளி ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். பெரியவர்கள் முன்னால் அடங்குகிறது, சிறியவர்கள் முன்னால் ஆடுகிறது. ஆக, மெஷினுக்கு மரியாதை தெரிகிறது. மரியாதை தெரிந்ததற்கு ஜாதகம் இல்லாமல் இருக்குமா? சுவிட்ச் போட்ட நேரம் குருக்களுக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டு, பரமேஸ்வரி ஜாதகத்துக்கும் கம்ப்யூட்டர் ஜாதகத்துக்கும் பொருத்தம் பார்க்கச் சொன்னார்.

குருக்கள் நல்ல மனிதர். இப்படியெல்லாம் பார்க்கிற வழக்கம் இல்லை என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு, பொருத்தம் பார்க்க ஆணா பெண்ணா என்று தெரியவேண்டுமே என்று என்னைக் கேட்டார். முதலாளிதான் தீர்ப்புச் சொன்னார்.

"இவ்வளவு வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்கியிருக்கேன் சாமி. மாப்பிள்ளையாத்தான் இருக்கும்."

கணக்குப் போட்டார்கள். கம்ப்யூட்டர் புனர்பூசம், பரமேஸ்வரி மகம். யோனிப் பொருத்தத்தில் புனர்பூசம் பூனை, மகம் எலி. கணத்தில் அது தேவகணம், இவள் ராட்சச கணம். இரண்டும் சேராது என்றார் குருக்கள், மெதுவாகத்தான் சொன்னார். மகத்துப் பெண் ஜகத்தை ஆளும் என்பார்கள். இவளால் ஒரு பச்சைத் திரையை ஆள முடியவில்லை. அவள் அழவில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்த கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தாவது தடவை ஒரு ஜாதகம் அவளை வேண்டாம் என்றது. இந்தத் தடவை மாப்பிள்ளைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு சாந்தி பூஜை செய்வதென்றும், அதற்குப் பிறகும் அவள் உட்கார்ந்து திரை ஆடினால் அடுத்த மாதத்திலிருந்து அவள் வரவேண்டாம் என்றும் முதலாளி முடிவு செய்தார். கம்பெனிப் பெயர் கெடுகிறதே என்று குலசிங்கம் ஐயாவும் வரச் சம்மதித்தார். என்னைக் கேட்டால், அவருக்கும் அந்த ஆட்டத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

வெள்ளிக்கிழமை வந்தது. மானிட்டருக்கு மாலை போட்டிருந்தது. பரமேஸ்வரி குளித்து, பூ வைத்து, கீபோர்டுக்கு முன்னால் பரீட்சைக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். குருக்கள் கற்பூரம் ஏற்றப் போனார், காற்றில் அணைந்தது. முதலாளி சுவிட்சருகே போய் ஃபேனை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். அதன் பிறகு மானிட்டரைப் போட்டுத் தீபாராதனை காட்டினார்கள். திரை அசையவில்லை. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூஜை முடிந்தது. குருக்களுக்கு வேர்த்து ஊற்றியது. "சாமிக்கு வேர்க்குது" என்று முதலாளி பணிவாக ஃபேனைப் போட்டார். திரை ஆடியது. எல்லாரும் பரமேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் கீபோர்டைத் தொடக்கூட இல்லை.

"ஆடுது!" என்றேன் ஐயாவிடம். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஐயா பாய்ந்து வந்து மானிட்டரின் முதுகில் காதை வைத்தார். "சத்தம், சத்தம்" என்று கையை உயர்த்தினார். முதலாளி மரியாதையாக ஃபேனை நிறுத்தினார். ஆட்டம் நின்றது. மந்திரம் இப்போதுதான் வேலை செய்கிறது என்றார் குருக்கள், தாமதமாகப் பலிக்கிற மந்திரமாம். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். முதலாளி அதைப் பார்த்தார், ஃபேனைப் போட்டார். ஆடியது. ஐயா கையை உயர்த்தினார். நிறுத்தினார். நின்றது. குருக்கள் கழுத்தைத் துடைத்தார். போட்டார்.

இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட முதலாளி, இவருக்கு வேர்க்கக் கூடாது, அவருக்குக் கேட்கவேண்டும் என்று சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். ஐயாவுக்குக் கோபம், காதை வைக்கிற நேரமெல்லாம் வியாதி ஓடிவிடுகிறதே என்று. குருக்கள் மறுபடியும் ஒரு மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். நான் மானிட்டருக்கும் ஐயாவுக்கும் நடுவே தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அந்த அறையில் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது பரமேஸ்வரி மட்டும்தான். அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே," என்றாள் என்னிடம், "சுவிட்சுல யாரு கை இருக்குன்னு பாருங்க."

பார்த்தோம். எல்லாரும் பார்த்தோம். முதலாளியும் குனிந்து தன் கையைப் பார்த்தார், யாருடையதோ போல. பிறகு, சந்தேகம் தீர, தானே ஒருமுறை போட்டார். ஆடியது. நிறுத்தினார். நின்றது.

நான் தடுப்பைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பூசணிக்காய் மோட்டார் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பலகைக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், மானிட்டரின் முதுகு. மோட்டார் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தம் எழும், காந்தம் பட்டால் படக்குழாய்க்குள் கதிர் வளையும். டிவி பழுதுக் கடையில் முதல் வருடமே கற்ற பாடம். ஃபேனைப் பிடித்து எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம், இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடிந்தது. போட்டுப் பார்த்தோம். எழுத்துகள் அசையவில்லை. கூடம்தான் கோணல், ஆடியவள் அல்ல.

குருக்கள்தான் முதலில் சிரித்தார். தட்டை எடுத்துக்கொண்டு, வரும் பாக்கியம் எல்லாருக்கும் வரட்டும் என்று பொதுவாக ஒரு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். முதலாளி, ஏலத்தில் எடுத்த ஃபேன், அது பிறந்த நேரம் யாருக்குத் தெரியும் என்று முணுமுணுத்தார். பரமேஸ்வரியைப் பார்த்து, "நீ வேலையப் பாரும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அவளும் எதிர்பார்க்கவில்லை. மானிட்டரிலிருந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மஞ்சள் கணக்கை விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினாள்.

நான் பழைய ரிப்போர்ட்டில் 'முதலாளி' என்பதை அடித்துவிட்டு 'முதலாளியின் ஃபேன்' என்று எழுதினேன். குலசிங்கம் ஐயா படித்துப் பார்த்து, முதல் முறையும் நீர் பெரிய பிழை விடேல்ல என்றார். வேலை முடிந்துவிட்டதால் கோப்பி குடிக்கலாம். பக்கத்துக் கோப்பிக் கடைக்காரர் கொண்டுவந்து வைத்தார், ஐயாவும் வாங்கிக்கொண்டார். நான் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"நாலு வீட்டுல என் ஜாதகம் சேரலன்னு திருப்பி அனுப்புனாங்கண்ணே. அங்கயும் பக்கத்து ரூம்ல என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சோ, யாரு போய்ப் பாத்தா?"

ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அதைப் போய்ப் பார்க்க எங்கள் கம்பெனியில் ஆள் இல்லை.